குட்டித் துப்பாக்கியும் அதன் உதையும்

டெக்சஸில் பெண்கள் மறைத்து வைத்துக்கொள்ளத் துப்பாக்கி கேட்டால், பல கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ரகத்தைத்தான். தூக்கிப்போக லேசு, சரி. ஆனால் எடை குறையக் குறைய, சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதை கூடும். அந்தக் குட்டி ரகத்தில் ஒன்றான ரூகர் எல்சிபி சுமார் 300 கிராம்தான். நாலு தடவை சுட்டாலே கட்டைவிரலடியில் விண்ணென்று தெறிக்கும். அப்புறம் யார் பயிற்சிக்குப் போவது?

என் தோழி ஒருத்திக்குச் சரிப்பட்டது 2018இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 380 ஷீல்டு ஈஇசட் என்ற கைத்துப்பாக்கி. கொஞ்சம் கனம்தான். ஆனால் ஸ்லைடை, அதாவது பின்னால் இழுக்கிற மேல்பாகத்தை, இழுக்க மல்லுக்கட்ட வேண்டாம். தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் பக்கவாட்டில் குமிழ் இருக்கிறது. அதைக் கீழே அழுத்திக்கொண்டு தோட்டாவை நிரப்பலாம், நகம் பிழைக்கும். பிடியை முழுதாக இறுக்கினால்தான் சுடும்.

கைப்பையில் சாவி, லிப்ஸ்டிக்கோடு சும்மா போட்டுவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். விசையை மூடுகிற உறை கட்டாயம். அதற்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.