தடைக்காலத்தில் ஒரு மேக்ரோ

ஏப்ரல் 16

நேற்றிலிருந்து விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலையைச் சரிபார்க்கிறவர்களும் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களும்தான் தெரிகிறார்கள். ஃபைபர் படகு மீன் கொஞ்சம் வருகிறது. படகு மீனை ஏலம் விட்டுக் கமிஷன் எடுக்கிற எங்கள் கடையில் பத்து மணிக்கே கணக்கு முடிந்துவிடுகிறது.

எக்செல் ஃபைலை இந்த இரண்டு மாதத்தில் ஒழுங்கு பண்ணப்போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "பண்ணு, பழசு கெடக்கூடாது" என்றார். அதனால் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் எல்லா விளையாட்டும்.

ஏப்ரல் 18

கடையில் கணக்கு அடிக்கிற அக்கா சீசனில் ஒரு படகுக்குச் செய்கிற வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். ஏல விவரத்தை ஒரு ஷீட்டில் அடிக்கிறார்: மீன், எடை, விலை, வாங்கினவர். பிறகு அதைக் காப்பி எடுத்து, படகுக்காரருக்குக் கொடுக்கிற சீட்டுக்கான ஷீட்டில் ஒட்டுகிறார். கமிஷன், ஐஸ், டீசல், முன்பணம் கழிக்கிறார். இரண்டு பிரின்ட். பேரேட்டு ஷீட்டின் கடைசி வரிக்குப் போய் மொத்தத்தை ஒட்டுகிறார். பழையதை அழிக்கிறார். அடுத்த படகு. வெளியே படகுக்காரர் "என்னம்மா ஆச்சு" என்று நின்றுகொண்டே இருப்பார்.

இதில் யோசிக்கிற வேலை முன்பணம் கழிப்பது ஒன்றுதான். மற்றதெல்லாம் கை வேலை.

ஏப்ரல் 20

திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை ஒரே அழுத்தில் செய்து முடிக்கிற கட்டளைத் தொகுப்புதான் மேக்ரோ. அதைப் பதிவு செய்யும் வசதி எக்செல்லில் முதலில் கண்ணில் படாது. ஆப்ஷன்ஸில் கஸ்டமைஸ் ரிப்பன் என்ற இடத்துக்குப் போய் டெவலப்பர் என்பதற்கு டிக் போட்டால்தான் மேலே அந்தப் பட்டை வரும். ரெக்கார்டை அழுத்திவிட்டு வேலையைச் செய்தால் அப்படியே விபிஏ என்கிற நிரல் மொழியில் எழுதிவைத்துக்கொள்கிறது. 1993-ல் எக்செல் 5-உடன் வந்த மொழி, இன்னும் ஓடுகிறது.

ஆல்ட் எஃப்11 அடித்து உள்ளே பார்த்தேன். நான் மவுஸை உருட்டியதைக்கூட ஸ்மால் ஸ்க்ரோல் என்று வரி வரியாக எழுதியிருக்கிறது. அதையெல்லாம் அழித்தாலும் மேக்ரோவுக்கு ஒன்றும் ஆகாது, படிக்கத்தான் சுலபமாகிறது.

ஏப்ரல் 23

ரெக்கார்டர் செல்லின் முகவரியை அப்படியே பிடித்துக்கொள்கிறது. பேரேட்டில் 7-வது வரியில் ஒட்டினேன் என்றால் நாளைக்கும் அதே 7-வது வரிதான், மேலேயே எழுதிவிடும். யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரன்சஸ் என்பதை அழுத்திவிட்டுப் பதிவு செய்தால் நிற்கிற இடத்திலிருந்து கணக்கு வைக்கும். ஆனால் பேரேட்டுக்கு அதுவும் போதாது. கடைசி வரி எங்கே என்று தேடச் சொல்ல வேண்டும். ஷீட்டின் அடியிலிருந்து, அதாவது 10,48,576-வது வரியிலிருந்து, மேல்நோக்கி வந்து முதலில் எழுத்து இருக்கிற செல்லில் நிற்கச் சொல்கிற அந்த ஒரு வரியைக் கையால்தான் எழுதினேன்.

மே 2

தேதிக்கு மேக்ரோ தேவையில்லை. கன்ட்ரோலோடு அரைப்புள்ளி அடித்தால் இன்றைய தேதி விழுகிறது, அப்படியே நிற்கிறது. டுடே ஃபார்முலா போட்ட பழைய சீட்டைத் திறந்தால் அதிலும் இன்றைய தேதிதான் இருக்கும். படகுக்காரரோடு சண்டை வர இது போதும்.

மே 9

இன்று முழுக்கத் தமிழ் பிரச்சினை. எங்கள் ஷீட் பெயர்கள் தமிழில்: ஏலம், சீட்டு, பேரேடு. விபிஏ எடிட்டரில் அடித்தால் எல்லாம் கேள்விக்குறி. தமிழ் எழுத்துகளுக்கான யூனிகோடு அந்த எடிட்டருக்குத் தெரியாது. ஷீட்டுக்கு உள்ளே ஒரு கோட் நேம் இருக்கிறது, அதை வைத்துக் கூப்பிட்டால் வெளியே பெயர் தமிழிலேயே இருக்கலாம். பட்டன்மேல் தமிழ் எழுத்து நன்றாகத் தெரிகிறது.

வேலையைத் தொடங்கும் முன் கேள்வி கேட்கிற மெசேஜ் பாக்ஸ்தான் மசியவில்லை. அதிலும் கேள்விக்குறி வரிசை. கடைசியில் வாட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி ஆங்கில எழுத்தில் "நிச்சயமா அக்கா?" என்று போட்டுவிட்டேன். அக்கா பார்த்துச் சிரித்தார். "இது என்னைத்தான் கேக்குதா?"

மே 21

ஷார்ட்கட் கீ எனக்கு, பட்டன் அக்காவுக்கு. கன்ட்ரோல் பி-யை மேக்ரோவுக்குக் கொடுத்தால் அந்த ஃபைல் திறந்திருக்கும்வரை வழக்கமான பிரின்ட் வேலை செய்யாது. அதனால் கன்ட்ரோல் ஷிஃப்ட்டோடு சேர்த்து வைத்தேன். அக்காவுக்கு இதெல்லாம் வேண்டாம். "பெருசா ஒண்ணு வை தம்பி, ஈரக்கையோட மவுஸைப் பிடிக்கிறவங்க நாங்க."

பச்சையில் பெரிய பட்டன் வைத்தேன். வலது கிளிக்கில் ஃபார்மட் கன்ட்ரோல் போய் இரண்டு விஷயம் மாற்ற வேண்டும்: வரியைப் பெரிதாக்கினால் பட்டனும் இழுபடாமல் இருக்க ஒன்று, பட்டன் பிரின்ட்டில் வராமல் இருக்க ஒன்று.

ஜூன் 4

ஃபைலை மேக்ரோவோடு சேமிக்க எக்ஸ்எல்எஸ்எம் வகையில்தான் சேமிக்க வேண்டும். சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸில் மேக்ரோ நிற்காது.

முதலாளி வீட்டு லேப்டாப்புக்கு மெயிலில் அனுப்பினேன். சிவப்புப் பட்டை வந்து மேக்ரோவைத் தடுத்துவிட்டது. இணையத்திலிருந்து வருகிற ஃபைல்களில் மேக்ரோவை 2022-லிருந்து மைக்ரோசாஃப்ட் இப்படித் தடுக்கிறது. நல்லதுதான், 1999-ல் மெலிசா வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது வேர்டு ஃபைலுக்குள் இருந்த ஒரு மேக்ரோவால்தான். நம் ஃபைல் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதன் பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் டிக் போட்டால் திறக்கும்.

அப்புறம் முதலாளி போனில் திறந்துவிட்டு "பட்டனை அமுக்குறேன், ஒண்ணும் ஆகல" என்றார். போன் எக்செல்லில் விபிஏ ஓடாது. போனில் பார்க்க மட்டும் பிடிஎஃப் அனுப்புகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

ஜூன் 17

படகுகள் வந்துவிட்டன. விடியற்காலையிலிருந்து வஞ்சிரம், சங்கரா, கணவாய், பெட்டி பெட்டியாக. ஏலம் முடிந்த கையோடு அக்கா பச்சைப் பட்டனை அழுத்தினார். சீட்டு இரண்டு வெளியே வந்தது, பேரேட்டில் வரி ஏறியது, ஏல ஷீட் காலி. படகுக்காரர் டீயை முடிக்கவில்லை, சீட்டு கையில்.

மேக்ரோ ஓடிய பிறகு கன்ட்ரோல் இஸட் எதையும் திருப்பித் தராது. "நிச்சயமா?" பெட்டி அதற்காகத்தான். அக்கா அதில் ஒவ்வொரு முறையும் "நிச்சயம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் யெஸ் அழுத்துகிறார்.

ஜூன் 22

முன்பணத்தையும் தானாகக் கழிக்கிற மாதிரி செய்யலாமே என்று முதலாளி கேட்டார். செய்யலாம், இரண்டு வரி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மீன் குறைவாக வந்த படகில் முழுசாகப் பிடித்தால் அவர்கள் டீசலுக்கு என்ன செய்வார்கள், அதை ஆளைப் பார்த்துத்தான் போட முடியும் என்றார். முதலாளியும் தலையாட்டினார்.

அந்த செல்லை மஞ்சளாக்கி வைத்திருக்கிறேன். அது காலியாக இருந்தால் சீட்டு பிரின்ட் ஆகாது. கழிக்க ஒன்றும் இல்லையென்றாலும் அக்கா பூஜ்யம் அடித்தாக வேண்டும்.