குளியலறைக்கு மிக்சர் குழாய் வாங்கும்போது

வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய் வாங்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் பளபளப்பையே முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது நீரழுத்தத்தை. தொட்டியின் நீர்மட்டம் ஷவர் தலைக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார் (அழுத்தத்தின் அலகு) மட்டுமே என்பதால், 1 பாராவது தேவைப்படும் மாதிரியை அங்கே பொருத்தினால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் நீர் நூலாகத்தான் இறங்கும்.

அடுத்தது, நீரைத் திறந்து மூடும் உட்பாகமான கார்ட்ரிட்ஜ். ஒற்றைக் கைப்பிடி மிக்சரில் இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து நீரின் அளவையும் வெப்பத்தையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகின்றன. வாஷர் தேய்ந்து சொட்டும் தொல்லை இதில் இல்லையென்றாலும், நீரோடு வரும் மணல் தட்டுகளைக் கீறிவிடக்கூடும் என்பதால், மாற்று கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் நான் எதையும் வாங்கமாட்டேன்.

குழந்தைகளோ முதியவர்களோ இருக்கும் வீட்டுக்கு, வைத்த வெப்பநிலையைத் தானே காக்கும் தெர்மோஸ்டாட் வகையே மேல். வேறோர் அறையில் குழாயைத் திறந்ததால் குளிர்நீர் குறைந்தாலும், அது வெந்நீரையும் தானாகவே குறைத்துவிடும். பெரும்பாலானவற்றில் 38 டிகிரி செல்சியஸில் ஒரு தடுப்புப் பொத்தானும் உண்டு; அதை அழுத்தினால்தான் அதற்கு மேல் சூட்டைக் கூட்ட முடியும்.

சுவரில் பொருத்தும் வகையெனில், இரு இணைப்புகளின் மையங்களுக்கு இடையே வழக்கமான 150 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்துகொண்டு கடைக்குச் செல்வது நல்லது. சிறு வேறுபாட்டை வளைந்த இணைப்பிகள் சரிசெய்துவிடும்.