வில்லாளி எப்போது படுக்கலாம்? டி அண்ட் டி மேசையில் செய்து பார்த்தது

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஒரு பக்கம் முதல் லெவல் ஃபைட்டர் ஒருவர், வில்லாளி: டெக்ஸ் (சுறுசுறுப்பு) +3, ஸ்டடட் லெதர் கவசம் போட்டு ஏசி (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 15, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 12, ஆர்ச்சரி ஸ்டைலும் சேர்த்து லாங்போவுக்கு +7. துணைக்கு ஒரு வாள்வீரர். எதிரே நான்கு காப்ளின்கள்: ஏசி 15, ஷார்ட்போவுக்கு +4, பட்டால் சேதம் 1டி6+2 (ஓர் ஆறு பக்கப் பகடையோடு 2). கேள்வி ஒன்றுதான். அம்பு பறக்கும்போது நிற்பதா, படுப்பதா, எதற்காவது பின்னால் போய் ஒண்டுவதா?

மேசைச் சாமான் அதிகம் வேண்டாம். ஒரு அங்குலக் கட்டம் போட்ட விரிப்பு (ஒரு கட்டம் 5 அடி), இரண்டு முழம் தையல் நூல், நாலைந்து தீப்பெட்டி. தீப்பெட்டியைப் படுக்க வைத்தால் 28 மில்லிமீட்டர் பொம்மைக்குச் சுமாராக இடுப்புயரச் சுவர் ஆகிவிடும். படுத்த ஆளைக் காட்ட பொம்மையைச் சாய்த்து வைக்கக் கூடாது. அது உருண்டு பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடும், பிறகு எந்தக் கட்டத்தில் இருந்தது என்று சண்டை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்ததும் கழுத்திலேயே தங்கிவிடும் வளையத்தைக் கழற்றி பொம்மைக்கு மாட்டினால் போதும். 25 மில்லிமீட்டர் அடித்தட்டைச் சுற்றி லேசாக உட்காரும். வளையம் இருந்தால் படுத்திருக்கிறார், எடுத்தால் எழுந்துவிட்டார்.

முதலில் வெட்டவெளி. நிற்கும் வில்லாளி மேல் காப்ளினின் அம்பு பட டி20-இல் (இருபது பக்கப் பகடை) 11 வேண்டும் (11+4 = ஏசி 15), அதாவது 50 சதவீதம். படுத்தால் 5 அடிக்கு அப்பால் இருந்து எய்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ்: இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். 50 சதவீதம் 25 ஆகிறது. ஓர் அம்பு பட்டால் சராசரி 5.5. கிரிட்டை (பகடையில் 20 விழுந்தால் வரும் கூடுதல் சேதம்) கணக்கில் எடுக்காமல் பார்த்தால், நால்வரும் எய்யும் ஒரு சுற்றில் நிற்பவருக்குச் சராசரியாக 11 போகும், படுத்தவருக்கு 5.5. இருப்பதே 12 என்னும்போது இந்த வித்தியாசம் சாதாரணமில்லை.

மறைப்போடு ஒப்பிட்டால்தான் சுவாரஸ்யம். அரை மறைப்பு ஏசிக்கு +2, முக்கால் மறைப்பு +5, முழு மறைப்பு என்றால் குறிவைக்கவே முடியாது. ஏசி 15-க்கு அரை மறைப்பில் 40 சதவீதம், முக்கால் மறைப்பில் 25. ஏசி 12 மந்திரவாதிக்குப் படுத்தால் 42, முக்கால் மறைப்பில் 40. ஏசி 18 பிளேட் கவசக்காரருக்கு 12-உம் 10-உம். பட வாய்ப்பு 25 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும்வரை முக்கால் மறைப்பு படுப்பதைவிட மோசமாக இருக்காது, 50 சதவீதத்தில் மட்டும் இரண்டும் சமம். அரை மறைப்போ, பட வாய்ப்பு சுமார் 89 சதவீதத்தைத் தாண்டாதவரை படுப்பதற்குத் தோற்கிறது. கிரிட்டில் மட்டும் படுப்பதற்கு ஒரு தனி லாபம்: மறைப்பு எவ்வளவு இருந்தாலும் இயற்கை 20 வரும் வாய்ப்பு 5 சதவீதமாகவே நிற்கும். டிஸ்அட்வான்டேஜில் அது 0.25.

இரண்டையும் சேர்க்கலாம், ஒன்று ஏசியைக் கூட்டுகிறது, மற்றது உருட்டலைக் கெடுக்கிறது. அரை மறைப்பில் படுத்த ஏசி 15 ஆளுக்கு 16 சதவீதம். நான்கு காப்ளினுக்கும் சேர்த்துச் சுற்றுக்குச் சராசரி மூன்றரைதான். ஆனால் இரண்டு மறைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, பெரியது எதுவோ அதுவே கணக்கு. டிஸ்அட்வான்டேஜும் அப்படித்தான், எத்தனை காரணம் இருந்தாலும் ஒன்றுதான். இதில் ஓர் இலவசம் ஒளிந்திருக்கிறது. ஷார்ட்போவின் இயல்பு தூரம் 80 அடி, ஹெவி கிராஸ்போவுக்கு 100. 90 அடியில் ஷார்ட்போக்காரருக்கு ஏற்கெனவே டிஸ்அட்வான்டேஜ். அவர் படுத்தால் புதிதாக எதையும் இழப்பதில்லை, எதிரே இருக்கும் கிராஸ்போக்காரருக்குத்தான் நஷ்டம்.

இனி நூல். எய்பவரின் கட்டத்தில் ஏதாவது ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, குறியின் கட்டத்தில் உள்ள நான்கு மூலைகளுக்கும் நூல் பிடிக்க வேண்டும். ஒன்றிரண்டு தடைபட்டால் அரை மறைப்பு, மூன்று நான்கு தடைபட்டும் அம்பு போக வழி இருந்தால் முக்கால். மூலையைத் தேர்ந்தெடுப்பது எய்பவர், குறியாக நிற்பவர் அல்ல. தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது, அல்லது நடுவிலிருந்து நடுவுக்கு ஒரே கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். தடையின் விளிம்பை நூல் உரசிப் போனால் அது தடையா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்தி எதிரிகளை இயக்குபவர்) கேட்டுவைக்க வேண்டும். இங்கே உரசலைத் தடையாக எண்ணவில்லை.

தடை என்றால் சுவர் மட்டுமல்ல, நடுவில் நிற்கும் ஆளும்தான், நம் ஆளாக இருந்தாலும். வாள்வீரர் காப்ளினுக்கு நேர் முன்னால், வில்லாளி அதே வரிசையில் மூன்று கட்டம் பின்னால். நூல் பிடித்தால் இரண்டு தடை: காப்ளினின் ஏசி 17, வில்லாளியின் 65 சதவீதம் 55 ஆகிறது. வில்லாளியை ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்த்தினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. வாள்வீரரின் முதுகுப் பக்கமிருந்து பார்க்கும்வரை, அவர் கட்டத்தோடு ஒட்டிய காப்ளினின் மூலைகளில் ஒன்றாவது மறைந்தே இருக்கும். காப்ளினின் பக்கவாட்டுக்கு வில்லாளி சுற்றி வந்தால்தான் தெளியும். அதைவிட, வாள்வீரர் ஒரு கட்டம் தள்ளிக் காப்ளினுக்கு மூலைவிட்டத்தில் நின்றால் நான்கு நூலும் தெளிவாகப் போகின்றன, அவர் வாளும் எட்டுகிறது. ஆக நகர வேண்டியவர் வாள்வீரர். இதை வாள்வீரரை ஆடுபவரிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கடினம்.

அடுத்தது எல்லோரும் முயன்று பார்க்கும் தந்திரம். படுத்த நிலையில் எய்தால் நமக்கும் டிஸ்அட்வான்டேஜ், 65 சதவீதம் 42-க்கு இறங்கும். அதைத் தவிர்க்க, தன் டர்னில் எழுந்து (வேகத்தில் பாதி, 30 அடியில் 15), எய்து, மறுபடி படுத்துவிடலாம். படுக்கச் செலவே இல்லை. எதிரியின் டர்ன் வரும்போது ஆள் தரையில். இடுப்புயரச் சுவருக்குப் பின்னால் இதைச் செய்தால் பல டிஎம்கள் முழு மறைப்பே தருவார்கள். மீதமுள்ள 15 அடியில் படுத்தபின் ஒரு கட்டம் ஊர்ந்துகொள்ளலாம், அதற்கு 10 அடி போகும்.

இது இரண்டு இடத்தில் உடைகிறது. ஒன்று, ஒரு நிபந்தனை சொல்லிக் காத்திருந்து அது நடந்ததும் செயல்படும் ரெடி ஆக்‌ஷன். "அவன் எழுந்ததும் எய்வேன்" என்று காப்ளின்கள் காத்திருந்தால், எழுந்த உடனே, வில்லாளி எய்வதற்கு முன்பே, நான்கு ரியாக்‌ஷனும் பாயும், ஒவ்வொன்றும் பழையபடி 50 சதவீதம். எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு டர்னில் இரண்டு அடி) உள்ள எதிரிக்கு இப்படிக் காத்திருப்பதில் ஓர் அடி போய்விடும், காப்ளினுக்கு இருப்பதே ஓர் அடி, அதனால் அதற்கு நஷ்டமே இல்லை. மறுமருந்து: அந்தச் சுற்றில் எழாமல் படுத்தபடியே எய்வது. 42 சதவீதத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டால் அவர்கள் காத்திருந்த நான்கு அம்பும் வீண். எழுவதையும் கிடப்பதையும் மாற்றி மாற்றிச் செய்தால் காத்திருப்பதா வேண்டாமா என்று டிஎம்முக்கே குழப்பம் வரும்.

இரண்டாவது, ஓடி வருபவர்கள். 5 அடிக்குள் வந்துவிட்டால் படுத்தவர் மேல் அட்வான்டேஜ்: இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம். 25 சதவீதமாக இருந்தது ஒரே டர்னில் 75. பக்கத்தில் எதிரி இருப்பதால் வில்லை எய்தாலும் டிஸ்அட்வான்டேஜ், எழுந்தாலும் அது போகாது. ஆகவே படுக்கும் முன் கட்டம் எண்ண வேண்டும். எதிரியின் வேகத்தை ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டினால் அபாய எல்லை கிடைக்கும்: 30 அடி காப்ளினுக்கு 7 கட்டம், 40 அடி ஓநாய்க்கு 9. அந்த எல்லைக்குள் நேர்வழி இருக்கிற எதிரி ஒருவர் நின்றாலும் படுக்க வேண்டாம். நடுவில் கடினத் தரை இருந்தால் அந்தக் கட்டங்களை இரட்டிப்பாக எண்ணலாம்.

இதே கத்தி நம் பக்கமும் வெட்டும். வாள்வீரர் ஆர்வமாகக் காப்ளினைத் தள்ளி விழவைத்தால், அவருக்கு அட்வான்டேஜ், தொலைவில் நிற்கும் வில்லாளிக்கு டிஸ்அட்வான்டேஜ். தள்ளிய பிறகு வில்லாளியின் டர்ன் வருகிற வரிசையில் அது சொந்தக் காலில் வெட்டிக்கொள்வதுதான். வில்லாளி எய்து முடித்த பிறகு, அந்தக் காப்ளின் எழுவதற்குள் வெட்டுபவர் டர்ன் வருமானால் மட்டும் தள்ளலாம்.

மந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டெக்ஸ் சேவிங் த்ரோவுக்கு (தப்பிக்க உருட்டும் பகடை) படுத்திருப்பதால் பயன் எதுவும் இல்லை, மறைப்பின் +2, +5 மட்டும் கூடும், சேக்ரட் ஃபிளேம் என்ற மந்திரம் அதையும் மதிக்காது. ஃபயர்பால் வெடித்தால் மறைப்பை வெடித்த இடத்திலிருந்து அளக்க வேண்டும், மந்திரவாதி நிற்கும் இடத்திலிருந்து அல்ல. அதன் தீ மூலை திரும்பியும் வரும்.

வேறு ஆட்டத்துக்குப் போனால் இந்தக் கணக்கைக் கொண்டுபோக முடியாது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் படுத்தவருக்கு ஏசியில் 2 குறையும், எய்வதிலும் 2 குறையும். படுத்தபடி டேக் கவர் ஒரு ஆக்‌ஷன் செலவழித்தால் தொலைவுத் தாக்குதலுக்கு எதிராக +4, நிகரமாக +2 மிஞ்சும், ஆனால் எய்த மறுகணம் அந்த +4 போய்விடும். கால் ஆஃப் கதுல்ஹு ஏழாம் பதிப்பில் நேர் எதிர்: படுத்துச் சுடுபவருக்கு போனஸ் டை, அதாவது சாதகமான கூடுதல் பகடை. துப்பாக்கிக்குத் தரை தாங்கல், வில்லை நாண் இழுக்க ஆள் நிமிர வேண்டும் என்று யோசித்தால் இரண்டு விதியும் நியாயமாகவே படுகிறது. அந்த ஆட்டத்தில் வளையத்தை ஆட்டத் தொடக்கத்திலேயே மாட்டிவிடலாம்.