காதை மெதுவாகத் தடவ மூன்று கிழமை

மார்ச் 31 கணக்கு மூடும் நாள். எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு அதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் நித்திரை என்பது பெயருக்குத்தான். இந்த முறை ஏப்ரல் முடிந்தும் அது திரும்பி வரவில்லை. இரவு பதினொன்றுக்குப் படுத்தால் இரண்டு மணிக்குக் கண் திறந்துவிடும். பல்லைக் கடித்தபடி கிடப்பேன். தாடை இறுகி, காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு வலிக்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. பதினைந்து வருடமாக என் காதில் விழாமலே போய்க்கொண்டிருந்த விடியற்காலை ரயில், திடீரென்று என் தலைமாட்டால் ஓடத் தொடங்கியது.

முதலில் டொக்டரிடம்தான் போனேன். பிரசர் பார்த்தார், ஈசிஜி எடுத்தார், தைரொயிட்டுக்கும் இரத்தச்சோகைக்கும் இரத்தம் சோதிக்க அனுப்பினார். ஒன்றிலும் குறையில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை. படபடப்புக்குப் பின்னால் வேறு காரணம் இருந்திருந்தால், பிறகு நான் நித்திரைக்காகக் காதைத் தடவிக்கொண்டு இருந்த நேரமெல்லாம் வீண் போயிருக்கும். தாடைக்கும் கழுத்துக்கும் பிசியோதெரபி எடுக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்.

பிசியோ மிஸ் என்னைவிட இருபது வயது மூத்தவர். மூன்றாவது தரம் போனபோது, கழுத்தை ஒரு வழியாக இளக்கிவிட்டு, "பிள்ளை, காதையும் ஒருக்கா தொடட்டா?" என்று கேட்டார். தோட்டைக் கழற்றச் சொன்னார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிறிது நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு தடவல். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மடலின் விளிம்பைப் பிடித்து, மேலிருந்து கீழே தோடு போடும் சோணை வரைக்கும் ஊர்ந்து வந்தார். சோணையைக் கீழேயும் வெளியேயும் மெல்ல இழுத்துவிட்டார். கடைசியாகத் துளைக்கு மேலே இருக்கும் சின்னக் குழியில் சுட்டுவிரல் நுனியால் சின்ன வட்டம். மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் ஆறேழு கொட்டாவி விட்டேன். வயிறு வேறு சத்தம் போட்டது. எனக்கு வெட்கம். "விடுங்கோ, உடம்பு இளகுது" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.

காதைத் தொட்டால் உடம்பு ஏன் இளக வேண்டும் என்று தேடிப் படித்தேன். மண்டையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளில் பத்தாவது வேகஸ். லத்தீனில் அலைந்து திரிவது என்று அர்த்தமாம். பொருத்தமான பெயர்தான்: தொண்டை, இதயம், நுரையீரல், வயிறு, குடல் என்று ஓரிடம் விடாது. இதயத்தின் வேகத்தைக் குறைப்பதும் சமிபாட்டை நடத்துவதும் அதன் பொறுப்பு. அது தோலில் எட்டிப் பார்க்கும் ஒரே இடம் காதுதான், துளையைச் சுற்றியும் அந்தக் குழியிலும். காதுக்குள் பட்ஸ் விட்டால் சிலருக்கு இருமல் வருமே, அதற்குக் காரணம் காதுக்கு வரும் வேகஸின் இந்தக் கிளைதான். ஆர்னல்ட் என்ற ஜெர்மன் உடற்கூற்றியலாளரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த இருமல் உண்டு. "தொண்டையில கிச்சுக்கிச்சு" என்று அம்மா கொத்தமல்லி அவித்துத் தருவார். பாவம், கொத்தமல்லிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி வீட்டில் நான் செய்த கூத்து.

முதல் நாள் நல்லெண்ணெய் சூடாக்கி எடுத்தேன். யாரும் சொல்லவில்லை, எண்ணெய் இல்லாமல் என்ன தடவல் என்ற நினைப்பு. இரண்டு சொட்டு துளைக்குள் வழிந்து, அடுத்த நாள் முழுக்க அந்தப் பக்கம் தண்ணீருக்குள் இருப்பதுபோல அடைத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் எண்ணெய் இல்லாமல், ஆனால் பலத்தோடு. ரொட்டி மா பிசைகிற மாதிரிப் பிசைந்திருக்கிறேன். காலையில் இரண்டு மடலும் சிவந்து, தலையணையில் வைக்க முடியாமல் நொந்தது. அது போதாதென்று இணையத்தில் ஒரு காதுப் படத்தைத் தேடிப் பிடித்து அச்செடுத்தேன். 1950களில் பிரான்ஸின் லியோன் நகரத்து டொக்டர் போல் நோஜியே, காதைத் தலைகீழாகக் கிடக்கும் ஒரு கருவாகப் பார்த்து வரைந்த முறையிலிருந்து வந்தது அது. சோணையில் தலை, மேலே கால், நடுவில் குடல். இந்தப் புள்ளி நித்திரைக்கு, அந்தப் புள்ளி பயத்துக்கு என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று புள்ளி தேடினேன். பார்க்க அழகான படம். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வோர் உறுப்புக்குப் போகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனக்கோ, பேரேட்டில் பிழை தேடுகிற அதே மூளைதான் அங்கேயும் வேலை செய்துகொண்டிருந்தது. கிழித்துப் போட்டேன்.

மிஸ்ஸிடம் இதையெல்லாம் ஒப்புக்கொண்டபோது, சிரித்துவிட்டு, "எங்க, செய்து காட்டுங்கோ" என்றார். காட்டினேன். "ஏன் பிள்ளை பஸ்ஸைப் பிடிக்க ஓடுறீங்கள்?" என்றார்.

தோலில் மென்மையான தடவலுக்கென்றே ஒரு வகை நுண்ணிய நரம்பிழைகள் இருக்கின்றன. செக்கனுக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்தில் போகும் தொடுகைக்குத்தான் அவை நன்றாகப் பதில் சொல்லும். அதைவிட வேகமாகப் போனால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. மடலின் விளிம்பை நூல் வைத்து அளந்தேன். சோணை வரைக்கும் கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் வந்தது. அதை நான் அரைச் செக்கனில் முடித்துக்கொண்டிருந்தேன். நாலு, ஐந்து செக்கன் எடுக்க வேண்டிய தூரம் அது. சொல்ல இலகு. கை கேட்கவேண்டுமே. மூச்சை வெளியே விடும்போது மட்டும் விரலை நகர்த்துவது, இழுக்கும்போது நிறுத்துவது என்று வைத்துக்கொண்ட பிறகுதான் வழிக்கு வந்தது. நீளமாக மூச்சு விடும்போது இதயம் தானாகவே கொஞ்சம் நிதானிக்கும், அதுவும் வேகஸின் வேலைதான். ஆகவே எனக்குக் கிடைத்த சுகத்தில் எவ்வளவு விரலால், எவ்வளவு மூச்சால் என்று பிரிக்க என்னால் முடியாது. காதில் மெல்லிய மின்சாரம் கொடுத்து வேகஸைத் தூண்டி, வலிப்பு, மனச்சோர்வு என்று ஆராய்கிறார்கள். அந்த முடிவுகளைத் தூக்கிவந்து விரலுக்குப் பொருத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கையிலிருந்த ஸ்மார்ட் மணிக்கூடும் ஒரு பக்கம் படுத்தியது. தடவ முதல் நாடித்துடிப்பு 78, தடவிய பிறகு 72. சந்தோஷம். அடுத்த நாள் 81! குறைகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே தடவினால் எப்படிக் குறையும்? மூன்றாம் கிழமை அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

அந்தக் கிழமைதான் இரவில் ஏதோ மாறியது. கண் திறப்பது நிற்கவில்லை. ஆனால் இரண்டு மணிக்கு எழுந்தால் கணக்கு ஓடாமல், கை தானாகக் காதுக்குப் போனது. இடது காது முடியும், வலது காதில் பாதி வரும், பிறகு ஒன்றும் ஞாபகமில்லை. தாடை இன்னும் இறுகுகிறது. அதற்குப் பல்லுக்குக் கவசம் செய்ய வேண்டும் என்கிறார் பல் டொக்டர். காதோ நரம்போ அதைக் காப்பாற்றாது போலிருக்கிறது.

செய்யப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. நகத்தை வெட்டிவிடுங்கள். துளைக்குள் விரல் வேண்டாம். காதில் சீழ், புண், புதிதாகக் குத்திய தோடு இருந்தால் ஆறும்வரை தொடவே வேண்டாம். கீழே இறங்கிக் கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தை அழுத்தக் கூடாது, சிலருக்குத் தலை சுற்றி மயக்கமே வரும். நெஞ்சு வலி, மயக்கம் என்றால் காதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன ஞாயிறு வரவேற்பறைக் கதிரையில் இருந்து தடவிக்கொண்டிருந்தேன். அம்மா தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, காது குத்துதோ?"

விஷயத்தைச் சொன்னேன். "இதுக்குப் போய்ப் படிச்சனியோ? சின்னனில என்ர சோணையைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுவாய். நாலு வயசு மட்டும் என்னைத் தோடு போட விடேல்லை" என்றார். எனக்கு அந்த ஞாபகமே இல்லை.

அவரை இருத்தி, தோட்டைக் கழற்றி, கையைச் சூடாக்கிக்கொண்டு தொடங்கினேன். கனத்த தோடு இழுத்து இழுத்து ஓட்டை நீண்டுபோன சோணை, துணி மாதிரி மெத்தென்று இருந்தது. காலி வீதியில் ஏதோ பஸ் ஹோனை அமத்தியபடியே போனது. விளிம்பில் பாதி வருவதற்குள் அம்மா ஒரு கண்ணைத் திறந்தார்.

"இவ்வளவு ஆறுதலாச் செய்தா மற்றக் காது எப்ப?"