மாடு அறிந்ததும் மனைவி அறிந்ததும்

இரண்டு ஆண்டுகளாக ஒரு மாயப்புனைவு நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தின் வாய்க்கால் ஓரத்தில் வாழும் ஒருத்தியின் உயிரும், போரே நடக்காத இன்னோர் உலகில் அதே பெயரோடும் முகத்தோடும் வாழும் மற்றொருத்தியின் உயிரும் ஒரு வைகாசி இரவில் இடம்மாறிவிடுகின்றன. ஏழாம் அத்தியாயத்தில், விடிந்ததும் வந்தவள் பால் கறக்க வேண்டும். அங்கேதான் கதை நின்றுவிட்டது. மற்ற உலகில் அவள் வங்கியில் வேலை பார்ப்பவள், மாட்டின் மடியைத் தொட்டறியாதவள். ஆனால் அவள் புகுந்த உடலின் விரல்களிலோ இருபது ஆண்டுக் காய்ப்பு இருக்கிறது. கறக்கப்போவது உயிரா, கையா?

இணை உலகங்களை இயற்பியலிடம் கடன் வாங்கலாம். குவாண்டம் அளவீட்டில் சாத்தியமான விளைவுகள் எல்லாமே தனித்தனிக் கிளைகளில் நிகழ்வதாகக் கொள்ளும் விளக்கத்துக்கு 1957 இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ எவரெட் வித்திட்டார். எனினும் பிரிந்துபோன கிளைகளுக்கிடையே போக்குவரத்து அங்கே கிடையாது. உலகங்கள் கிடைத்தாலும் பாதையை நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பாதைக்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்ற பெயர் நம்மிடம் எப்போதோ இருக்கிறது.

சேக்கிழார் சொல்லும் திருமூலர் வரலாற்றை இதற்காகவே மறுபடி படித்தேன். கயிலையிலிருந்து வந்த யோகியார், இறந்து கிடந்த சாத்தனூர் ஆயன் மூலனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயரம் பொறுக்காமல் அவனுடைய உடலில் புகுந்து திருமூலராகிறார். எழுந்தவனைக் கண்டதும் பசுக்கள் மகிழ்ந்துவிடுகின்றன; அவற்றுக்கு அந்த உடலே போதும். மாலையில் தேடிவந்த மனைவிக்கோ போதவில்லை. அவர் விலகி நிற்பதைக் கண்டு கலங்கி, ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். பசு உடலை அறிந்தது, மனைவி உயிர் மாறியதை உணர்ந்தாள் என்ற இந்த வேறுபாட்டை, உயிர்மாற்றக் கதை எழுத விரும்பும் எவரும் முதலில் கவனிக்க வேண்டும்.

ஆயனின் கைப்பழக்கம் யோகியாருக்கு வந்ததா என்ற என் கேள்விக்கு மட்டும் சேக்கிழார் பிடிகொடுக்கவில்லை. மேயும் பசுக்களின் பின்னே போய், தண்ணீர் குடித்துக் கரையேறியவற்றை அவர் நிழலில் காக்கிறார். பொழுது சாய்ந்ததும் பசுக்கள் தாமாகவே ஊர் திரும்புகின்றன. அவர் பின்னால் நடக்கிறார், அவ்வளவுதான். கெட்டிக்காரத்தனமான நழுவல். ஆனால் யோகியார் விட்டுவந்த உடலைச் சிவபெருமான் மறைத்ததற்குச் சேக்கிழார் சொல்லும் காரணம் வேறொரு கதவைத் திறக்கிறது: ஆகமப் பொருள் திருமூலர் வாக்கினால் தமிழாக வேண்டும் என்பதே அது. அப்படியானால் நாக்கு ஆயனுடையது, பொருள் யோகியாருடையது.

அதை வைத்து ஒரு விதி வகுத்துக்கொண்டேன். தோளில் தங்கிய செல் (எறிகணை) துண்டை உடலோடு விட்டேன். வந்தவள் மழைக்கு முன் அது ஏன் குத்துகிறது என்று தெரியாமல் திகைப்பாள். அச்சத்தை உயிரோடு அனுப்பினேன். போனவள், ஒரு செல் சத்தமும் கேட்டிராத உடலுக்குள் இருந்துகொண்டு, கோயில் வெடிக்கு வங்கித் தரையில் குப்புறப் படுப்பாள். பால் கறப்பது எந்தப் பக்கம் என்றுதான் தீரவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். வாளியைக் கழுவியபடியே, "மாட்டுக்கு உந்த உயிர் மாறின கதையெல்லாம் ஏன்? கை தயங்கினால் பாலை எக்கிக்கொள்ளும். அவ்வளவுதான்" என்றார். பிறகு, "கொப்பர் பிடிச்சுக்கொண்டு வந்த செவலை ஞாபகமில்லையோ?" என்றார். 

இடம்பெயர்ந்தபோது பட்டியை அவிழ்த்துவிட்டுப் போயிருந்தோம். 2010 இல் திரும்பிவந்த பிறகு அப்பா காட்டுக்கரையெல்லாம் தேடி ஒரேயொரு பசுவைக் கண்டுபிடித்தார். இடப்பக்கத் தொடையில் எங்கள் குறி தெளிவாக இருந்தது; அவர் சுட்ட குறிதான். செவலையோ அவரைக் கிட்ட அண்டவிடவில்லை, தலையைத் தாழ்த்திக் கொம்பைக் காட்டியது. தவிட்டை வைத்துவிட்டு, பத்தடி தள்ளி, அதைப் பாராததுபோல் மாலைதோறும் அவர் குந்தியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்றிரவு ஏழாம் அத்தியாயத்தை மறுபடி தொடங்கினேன். முதல் நாள் வாளி வெறுமையாகவே வீட்டுக்கு வருகிறது. வந்தவள் தவிட்டுச் சட்டியை வைத்துவிட்டு, பத்தடி தள்ளி உட்கார்கிறாள்.