கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் முடித்தவருக்கு உயிரியல்: திறந்தநிலைப் பள்ளியில் ஒரே ஒரு பாடம்

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ரிசல்ட் வந்த மறுவாரம் வீட்டில் பேச்சு கிளம்பும்: "பயாலஜி எடுத்திருந்தா நீட் எழுதியிருக்கலாமே." கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் மே மாதத்தில் இந்தப் பேச்சு கேட்காத தெரு குறைவு. முன்பெல்லாம் இதற்குப் பதில் "முடிஞ்சுது, விடுப்பா" என்பதுதான். 22-11-2023 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட அறிவிப்புக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. பிளஸ் டூ தேறிய பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக, அங்கீகாரம் பெற்ற வாரியம் ஒன்றில் படித்துத் தேறியவரும் நீட் எழுதலாம்.

அந்த வாரியம் எது என்பதில்தான் முதல் குழப்பம். மாநிலத் தேர்வுத்துறையில் தனித்தேர்வராக எழுதிவிடலாம் என்று பலர் நேராக அங்கே போவார்கள். செய்முறைத் தேர்வு உள்ள பாடத்துக்கு அந்த வழி உதவாது. ஆகவே தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ். 1989-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். தலைமையகம் நொய்டா, நமக்கான மண்டல அலுவலகம் சென்னை. முழு பிளஸ் டூ படிக்க ஐந்து பாடம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே பிளஸ் டூ தேறியவருக்கு அது தேவையில்லை. ஒன்று முதல் நான்கு பாடம் வரை மட்டும் சேரும் வழி தனியாக இருக்கிறது. இதில் மதிப்பெண் பட்டியல் மட்டும் கிடைக்கும், தேர்ச்சிச் சான்றிதழ் வராது. பயப்பட வேண்டாம், சான்றிதழ்தான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே. விண்ணப்பத்தில் இந்த வழியைத் தேர்ந்தெடுக்காமல் ஐந்து பாடத்துக்கும் பணம் கட்டிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டுபவர் வேறு யாரோ என்றால், திரையை நீங்களும் பாருங்கள். உயிரியலின் பாட எண் 314.

சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை. வழக்கமாக மார்ச் நடுவில் தொடங்கி ஜூலை கடைசி வரை சேருபவருக்கு அடுத்த ஏப்ரல்-மே தேர்வு. செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி கடைசி வரை சேருபவருக்கு அக்டோபர்-நவம்பர் தேர்வு. பிறகும் தாமதக் கட்டணத்தோடு கொஞ்ச நாள் தருவார்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால் அந்த வருடத்துத் தகவல் குறிப்பேட்டை இறக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாதம் பிளஸ் டூ முடித்தவருக்கு முதல் பருவம் இயல்பாகப் பொருந்தும். ஆனால் அதில் ஒரு நெருக்கடி: என்ஐஓஎஸ் தேர்வு ஏப்ரலில் தொடங்கி மே வரை இழுக்கும், நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். முடிவு வராமலேயே, தேர்வு எழுதவிருப்பவர் என்ற முறையில் நீட் விண்ணப்பம் போடலாம். கலந்தாய்வுக்குள் மதிப்பெண் பட்டியல் கையில் இருக்க வேண்டும். கூடுதலாக ஒரு வருடம் எடுத்து நிதானமாகப் படித்து நீட் எழுதுவது என்று முடிவெடுத்தவருக்கு அக்டோபர் தேர்வே நிம்மதி. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. சேர்க்கைக் கட்டணத்தோடு வேலை முடியாது. தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு தனி ஜன்னல் திறந்து மூடும். பணம் கட்டியாயிற்று என்று சும்மா இருந்தவருக்கு ஹால் டிக்கெட் வராது. இந்த வழியில் ஆள் விழுவது பெரும்பாலும் பாடத்தில் அல்ல, இங்கேதான்.

பெயரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், சில ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பத்தாம் வகுப்புப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் போடுங்கள். ஆதார் வேறுபட்டால் முதலில் அதைத் திருத்துங்கள். நாளைக்கு இயற்பியலும் வேதியியலும் ஒரு பட்டியலில், உயிரியல் இன்னொரு பட்டியலில் என்று இரண்டையும் சேர்த்து நீட்டப்போகிறீர்கள். ஒரு புள்ளி வித்தியாசம்கூட மேசைக்கு மேசை அலைய வைக்கும்.

அடுத்தது படிப்பு மையம், அதாவது உங்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்தும் பள்ளி. பட்டியலில் வீட்டுக்கு அருகில் எது என்று பார்ப்பதை விட, உயிரியல் ஆய்வகம் உள்ள பள்ளி எது என்று பார்க்க வேண்டும். சேருவதற்கு முன் நேரில் போய், போன பருவத்தில் உயிரியல் செய்முறை வகுப்பு நடந்ததா, எத்தனை நாள் நடந்தது என்று அலுவலகத்தில் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால் அடுத்த மையத்துக்குப் போய்விடலாம். கட்டாயத் தேர்ச்சி என்று போர்டு மாட்டிய இடைத்தரகரிடம் போக வேண்டியதே இல்லை. விண்ணப்பம் முழுக்க ஆன்லைன்தான், அவர் செய்வதை நீங்களே செய்யலாம்.

மதிப்பெண் கணக்கு இப்படி: எழுத்துத் தேர்வு 80, செய்முறை 20. எழுத்துக்கான 80-இல் 20 சதவீதம், அதாவது 16, டிஎம்ஏ எனப்படும், வீட்டிலிருந்தே எழுதித் தரும் ஒப்படைப்புக்கு. ஆகவே 64, 16, 20. எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 33 சதவீதம் வேண்டும். டிஎம்ஏ-வுக்குத் தனித் தேர்ச்சி வரம்பு கிடையாது. அதனால்தான் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். விட்டவர் நூற்றுக்கு எழுதுவதில்லை, 84-க்கு எழுதுகிறார். நீட் தகுதிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கு 40 சதவீதம் கேட்கிறார்கள். பிளஸ் டூவில் இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறியவருக்கு இந்த 16 சும்மா விடக்கூடியது அல்ல.

டிஎம்ஏ தாளில் ஆறு கேள்வி, மொத்தம் 20 மதிப்பெண். முதல் மூன்றும் தலா 2, 40 முதல் 60 சொல்லில் விடை. அடுத்த இரண்டும் தலா 4, 100 முதல் 150 சொல். ஆறாவது செயல்திட்டம், 6 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கையால் எழுதி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். முதல் பக்கத்தின் தலையில் பெயர், பதிவு எண், மையத்தின் பெயர், பாடம். இதை எழுத மறப்பவர்கள் நம்ப முடியாத அளவுக்கு அதிகம். போனில் ஸ்கேன் செய்யும்போது டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் உங்கள் தலை நிழல் பாதிப் பக்கத்தை மறைக்கும். பகல் வெளிச்சத்தில் திண்ணையில் வைத்து எடுங்கள். ஏற்றிய பிறகு அதே கோப்பைத் திரும்ப இறக்கித் திறந்து பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். கடைசி நாளில் இணையதளம் திணறும்.

யூடியூபில் கிடைக்கும் 'விடை எழுதிய டிஎம்ஏ'வை அப்படியே பார்த்து எழுதினால், திருத்தும் ஆசிரியர் அதே விடையை முப்பதாவது முறையாகப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயல்திட்டத்தில் மட்டுமாவது சொந்தக் கண்ணைப் பயன்படுத்தலாம். டெல்டாவில் இருப்பவருக்குச் சரக்குக்குப் பஞ்சமா? சூழலியல் கேட்டால் நெல் வயல்: அசோலாவும் அதன் இலைக்குள் குடியிருந்து நைட்ரஜனை நிலைநிறுத்தும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசியும், எலியும், அதைப் பிடிக்க வரும் ஆந்தை உட்காரும் குச்சியும். தகவமைப்பு கேட்டால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு: சேற்றுக்கு மேலே ஈட்டி போல நிற்கும் சுவாச வேர், இலையில் கசியும் உப்பு. பல்லுயிர்ப் பாதுகாப்பு என்றால் கோடியக்கரையின் வெளிமானும் பூநாரையும். எத்தனை சதுர மீட்டரில் என்ன எண்ணினீர்கள், எந்தத் தேதியில், எந்த நேரத்தில் என்று எழுதுங்கள். கையால் வரைந்த ஒரு படமும் ஒரு அட்டவணையும் இருந்தால் போதும்.

உயிரியல் புத்தகத்திலுள்ள பாடங்களை ஏறக்குறைய 40, 60 சதவீதம் என்று பிரித்து, ஒரு பங்கை டிஎம்ஏ-வுக்கும் மறு பங்கைப் பொதுத்தேர்வுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்தப் பாடம் எந்தப் பக்கம் என்ற பட்டியல் இணையதளத்தில் உண்டு, முதல் நாளே அச்செடுத்துப் புத்தகத்தில் ஒட்டிவிடுங்கள். வினாத்தாளில் பாதி கொள்குறி வகை, பாதி விரித்து எழுதுவது. நீட் எழுதுபவருக்கு இதிலேயே ஒரு பொறி இருக்கிறது: தேர்வுக்கு வராத பாடம் என்று ஒதுக்கியது நீட்டில் வரும். என்ஐஓஎஸ் புத்தகம் தேர்ச்சிக்குப் போதும், நீட்டுக்குப் போதாது. அதற்கு மத்தியப் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூல் இரண்டையும் வரி விடாமல் படித்தாக வேண்டும். இரண்டையும் ஒரே படிப்பாக நினைத்தவர்கள் இரண்டிலும் அரைகுறையாக நிற்பார்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு, கையில் வருவது பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகம். மிரள வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் தாவரவியல், விலங்கியல் நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பாடத்தை முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் படித்தால் நேரம் பாதியாகும். ஒரு நோட்டில் சவ்வூடு பரவல், இலைத்துளை, பிளாஸ்மா சிதைவு என்று இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் ஆங்கிலச் சொல். முதல் மாதத்தில் பக்கம் பக்கமாக நிரம்பும், மூன்றாம் மாதத்தில் நோட்டைத் திறக்கவே தோன்றாது.

செய்முறைக்கு வருவோம். மையத்தில் சில நாள் வகுப்பு நடக்கும். அங்கே முதல் முறையாக வெங்காய வேரைத் தொடுபவர் தேர்வில் தடுமாறுவார். வீட்டிலேயே பழகக்கூடியது நிறைய. வேர்நுனியில் மைட்டாசிஸ் என்ற செல் பகுப்பைப் பார்க்க பல்லாரி வெங்காயத்தை எடுத்து, அடியிலுள்ள காய்ந்த பழைய வேரை பிளேடால் சுரண்டிவிட்டு, அகல வாய் பாட்டிலில் அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடும்படி உட்கார வையுங்கள். முழுதும் மூழ்கினால் அழுகும். தண்ணீரைத் தினமும் மாற்றினால் மூன்றிலிருந்து ஆறு நாளில் 2, 3 செ.மீ. வேர் வரும். காலையில் நறுக்குங்கள், செல் பகுப்பு அப்போதுதான் மும்முரம். ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் 24 மணி நேரம். இதற்கு மேல் மையத்தின் ஆய்வகத்தில்: இரண்டு மூன்று சொட்டு அசிட்டோகார்மைன் சாயம், ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஸ்பிரிட் விளக்கில் லேசான சூடு. கொதிக்கவிட்டால் கருகியது. அடர்ந்து சாயம் ஏறிய நுனி 2 மி.மீ. மட்டும் வைத்து, கவர்ஸ்லிப் மேல் மைஉறிதாள் போட்டு, கட்டை விரலால் நேராக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும். ஸ்லைடில் நீளநீளமான செல்கள் மட்டும் தெரிந்தால் நுனியை விட்டு மேலே வெட்டிவிட்டீர்கள்.

ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு வேலம்பாசி, அதாவது ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரம். குடமுருட்டி, அரசலாறு வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும் மாதங்களில் தேடவே வேண்டாம். மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடுவது மரபு. ஏப்ரல் தேர்வுக்காரர் மார்ச்சில் வாய்க்காலில் இறங்கினால் வெடித்த சேறுதான். குளத்திலோ தொட்டியிலோ முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். அலசி வண்டலை நீக்கி, வெட்டிய முனை மேல்நோக்க, நீர் நிறைந்த பீக்கரில் கவிழ்த்த புனலுக்குள் வைத்து, மேலே நீர் நிரப்பிய சோதனைக்குழாய். புனலுக்குக் கீழே சிறு கல் கொடுத்துத் தூக்கி வைக்காவிட்டால் நீர் சுற்றி வராது. ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட், நல்ல வெயில். ரியோ செடி தொட்டியில் இருந்தால் இலையின் ஊதா அடிப்புறத் தோலை உரித்து 5 சதவீத உப்புக் கரைசலில் போட்டு, பிளாஸ்மா சுருங்குவதைப் பார்க்கலாம். தோலோடு பச்சைத் திசு ஒட்டி வந்தால் எதுவும் தெரியாது, மறுபடி உரியுங்கள். தண்டு குறுக்குவெட்டுக்கு பிளேடு புதிதாக இருக்க வேண்டும், வெட்டும்போது நனைந்தே இருக்க வேண்டும். இருபது வெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை. ரெக்கார்டு நோட்டைத் தேர்வுக்கு முந்தைய இரவு எழுதுவது கூடாது. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் அதைப் புரட்டித்தான் கேட்பார்கள்.

தேர்வு மையம் உங்கள் படிப்பு மையமாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம், பக்கத்து மாவட்டத்திலும் விழலாம். ஹால் டிக்கெட் வந்த அன்றே முகவரியைப் பார்த்து, முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். பெயர்த் திருத்தம் போன்ற ஏதாவது வேலைக்குச் சென்னை மண்டல அலுவலகம் போக நேர்ந்தால், உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, வேலையை முடித்து அன்றிரவே திரும்பலாம். எல்லா அசலும் இரண்டு நகலும் கையில் இருக்கட்டும். அக்டோபர்-நவம்பர் தேர்வு என்றால் ஐப்பசி அடைமழை. பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் ஓடினால் தேர்வும் தள்ளிப்போயிற்று என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மையத்துக்குப் போன் செய்து கேளுங்கள். ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முந்தின நாள் மாலையே அந்த ஊரில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.