‘டி’ எந்தக் கைக்கு?

ஒக்டோபர் 19
புது விசைப்பலகைப் பார்சல் இன்னும் கொழும்பைத் தாண்டவில்லை. வலது மணிக்கட்டில் அதே நோ.

ஒக்டோபர் 23
வந்துவிட்டது. கோர்ன், இரண்டு பாதியாகப் பிரிந்த விசைப்பலகை. 42 விசை, பாதிக்கு 21. இரண்டு பாதியையும் இணைப்பது 3.5 மில்லிமீற்றர் நாலுமுனை வயர். முதலில் அதைச் செருகி, பிறகுதான் யூஎஸ்பி. கழற்றும்போது முதலில் யூஎஸ்பி. கரண்ட் ஓடும்போது நடு வயரை இழுத்தால், செருகியின் வளையங்கள் உள்ளே இருக்கிற தொடுமுனைகளை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு வரும். 5 வோல்ட் ஒரு கணம் தவறான முனையில் முட்டலாம், சிப் போய்விடலாம். மற்றப் பழுதுகளை லேசாகத் திருத்தலாம். இது அப்படியில்லை. வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாச்சு: நடு வயரில் கை வைக்கக் கூடாது.

ஒக்டோபர் 24
டி. டி. டி.

ஒக்டோபர் 25
பாமினியில் (ஆங்கிலப் பலகையில் தமிழ் அடிக்கும் விசை ஒழுங்கு) ‘டி’ பீ (B) விசையில். அது இடது சுட்டுவிரலுக்கு உரியது. பிரியாத பலகையில் வலது சுட்டுவிரலும் அதை எட்டிவிடும், அதனால் பலருக்கு வலதுதான் பழக்கம். பலகை பிரிந்ததும் அந்த விரல் போய் மேசையில் குத்துகிறது. புதுக்குடியிருப்பு, கடிதம், முடிவு, எங்கேயும் டி.

அடுத்தது ‘உ’. வழமையான பலகையில் கீழ்வரிசை அரை விசை வலப்பக்கம் தள்ளி இருக்கும். இதில் விசைகள் நேர்நிரலாக நிற்கின்றன. பழைய இடத்தைத் தேடிப் போகிற விரல் சீக்கும் (C) வீக்கும் (V) நடுவில் இறங்குகிறது, ‘உ’ கேட்டால் ‘எ’ விழுகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கீழ்வரிசையை மட்டும் தனியே அடித்துப் பழகுவதுதான் வழி. வேறு மருந்து இல்லை.

ஒக்டோபர் 27
கணினிக்கு இது இன்னும் சாதாரண ஆங்கிலப் பலகைதான். பாமினியைத் தமிழாக்குவது கணினியில் உள்ள மென்பொருள், ஆகவே அங்கே ஒன்றையும் தொடத் தேவையில்லை. ஆனால் 42 விசைக்குள் சதுர அடைப்புக்குறிகளும், எண் ஒன்றுக்கு இடப்பக்கத்து விசையும் இல்லை. பாமினிக்காரருக்கு அது ஜ, ஸ, ஹ மூன்றும் இல்லாத பலகை. ஆங்கிலத்துக்கு எழுதிய வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அவற்றை இரண்டாம் அடுக்கில் (ஒரு விசையைப் பிடித்திருக்கும்போது மற்ற விசைகள் எடுக்கும் வேறு வேலை) வைத்தேன். இடது பெருவிரலின் உள்விசையைப் பிடித்துக்கொண்டு ஓ (O) விசை என்றால் ஜ, பக்கத்து பீ (P) விசை ஸ, க்யூ (Q) விசை ஹ. எண்களுக்கு இன்னொரு அடுக்கு, வலது கைக்குக் கீழே கல்குலேட்டர் ஒழுங்கில்: ஜே, கே, எல் விசைகள் 4, 5, 6. அடையாள அட்டையின் 12 இலக்கத்தை அடிக்க மேல்வரிசையை விட இது எவ்வளவோ மேல்.

ஒக்டோபர் 30
மழை. பின்னேரம் முழுக்கக் கரண்ட் இல்லை. கைக்கு ஓய்வு, மனதுக்கு இல்லை.

நவம்பர் 2
நோவின் வேர் ஷிப்ட்தான். சந்தேகமே இல்லை. ‘புதுக்குடியிருப்பு’ என்ற ஒரே சொல்லில் பு, து, கு, ரு, பு என்று 5 தரம் ஷிப்ட். ஆங்கிலத்தில் ஒரு வசனத்துக்கு ஒன்றிரண்டு. இவ்வளவு பாரத்தையும் சுண்டுவிரல் சுமந்தால் மணிக்கட்டு வெளிப்பக்கம் வளையாமல் என்ன செய்யும்?

ஸ்பேஸையும் ஷிப்டையும் ஒரே பெருவிரல் விசையில் வைக்கலாம் என்பார்கள்: தட்டினால் ஸ்பேஸ், பிடித்தால் ஷிப்ட். தமிழுக்கு அது சரிவராது. 200 மில்லிசெக்கனுக்கு மேல் விரல் தங்கினால் அதை ஷிப்ட் என்று எடுத்துக்கொள்ளும். ‘வீடு கட்ட’ என்று அடித்தால் இடைவெளியை விழுங்கி ‘வீடுகுட்ட’ என்று போடும்.

ஸ்பேஸ் வலது பெருவிரலுக்குத் தனியே. ஷிப்ட் இடது பெருவிரலுக்கு, ஒருதட்டு முறையில்: தட்டி விட்டால் அடுத்த ஒரு எழுத்துக்கு மட்டும் வேலை செய்யும், பிடித்திருக்கத் தேவையில்லை.

நவம்பர் 3
நோ குறைவு!

நவம்பர் 6
தச்சுப்பட்டறையில் எடுத்த பாலைமரத் துண்டு இரண்டு. உட்பக்க ஓரங்களை 2 சென்ரிமீற்றர் உயர்த்தினால் ஏறத்தாழ 9 பாகை சாய்வு, 4 என்றால் 17. முதல் கிழமை 2 போதும். துண்டுக்கு அடியில் சைக்கிள் ரியூப் ஒட்டாவிட்டால் வழுக்கிக்கொண்டே போகும். பாதிகளுக்கு இடையே தோள் அகலம். முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டும். பிளாஸ்ரிக் கதிரை பதிவு, ஒரு தலையணை போட்டால் சரி.

நவம்பர் 10
‘ல’ செத்துவிட்டது. காலையிலேயே எரிச்சல்.

ஒழுங்காகப் பார்க்கவேண்டும். ல, ா, ெ மூன்றும் ஒரே நிரல். மூன்றும் போயிருந்தால் கட்டுப்பாட்டுச் சிப்பின் ஒரு கால். பாதி முழுதும் போயிருந்தால் நடு வயர். ‘ல’ மட்டும் என்றால் ஸ்விட்ச், சொக்கெற், அல்லது டயோட். ஸ்விட்சைக் கழற்றி, சொக்கெற்றின் இரண்டு முனையையும் சாமணத்தால் தொடுத்துப் பார்த்தேன். எழுத்து வந்தது. அப்படியென்றால் டயோட் நல்லம். ஸ்விட்சின் ஒரு செப்புக்கால் மடிந்து அடிப்பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது. நிமிர்த்தி, செங்குத்தாக வைத்து அமத்தினேன். சரிந்தபடி அமத்தினால் திரும்பவும் மடியும்.

நவம்பர் 12
இரவு ஈசல். லைற்றை நிறுத்தி, இரண்டு பாதிக்கும் மேலே சீலை. செட்டை ஸ்விட்சுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு.

நவம்பர் 13
‘டி’ இடது கையாலேயே விழுகிறது. யோசிக்காமல்.

நவம்பர் 15
ஸ்பேஸ் ஒரு தட்டுக்கு இரண்டாக விழத் தொடங்கியிருக்கிறது. டிபவுன்ஸ் நேரத்தை (ஸ்விட்சின் அதிர்வை இன்னொரு தட்டாக எண்ணாமல் பொறுக்கும் நேரம்) 5 மில்லிசெக்கனிலிருந்து 8 ஆக்கி, பலகைக்குள் ஓடும் மென்பொருளான கியூஎம்கேயைத் திரும்பத் தொகுத்து, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியே யூஎஸ்பி குத்தி ஏற்றவேண்டும். இடது பாதிக்கு ஏற்றியாச்சு. கரண்ட் போய்விட்டது.